காலை எடுக்காமலே காப்பாற்றலாம்!

"வளர்ற வயசு, கால் வலிக்கத்தான் செய்யும்!" சின்னசேலமோ சென்னையோ, எல்லா வீட்டிலும் கேட்கிற வார்த்தைதான். பெரும்பாலும் அது உண்மையும்கூட. ஆனால், ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கும் வலி, வாரக்கணக்கில் வடியாத வீக்கம் என்றால் எண்ணெய் போட்டு உருவிவிடக் கூடாது. உடனே எக்ஸ்ரே எடுக்க வேண்டும். டீன் ஏஜ் பிள்ளைகளைத் தாக்கும் எலும்புப் புற்றுநோய், முழங்காலைச் சுற்றித்தான் அதிகம் வருகிறது.

முன்பெல்லாம் இதற்குக் காலையே எடுத்துவிடுவார்கள். வெளிநாட்டு உலோக மூட்டோ, ஏழைகளுக்கு எட்டாத விலை. இந்த நிலையை மாற்றியவர்களில் ஒருவர், சென்னை எலும்பு மருத்துவர் மயில்வாகனன் நடராஜன். 2007-ல் பத்மஸ்ரீ பெற்றவர். நோய் பிடித்த எலும்பை வெட்டியெடுத்துவிட்டு, அந்த நோயாளியின் அளவுக்கென்றே இங்கேயே செய்த உலோக எலும்பையும் மூட்டையும் பொருத்தும் சிகிச்சையை 1988 முதல் செய்துவந்தார். கூடவே கீமோதெரபியும் உண்டு.

ஆனால், கட்டி பெருத்து ரத்தக்குழாயையும் நரம்பையும் சுற்றிக்கொண்டால், காலைக் காப்பாற்றுவது கடினம். சின்னசேலத்துக்காரர்களுக்குப் பக்கத்திலேயே கள்ளக்குறிச்சியில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சந்தேகம் வந்த அன்றைக்கே பிள்ளையை அழைத்துப் போங்கள்!