உங்களுக்குத் தெரியுமா? திரையே இல்லாத டெஸ்க்டாப்

மானிட்டர் ஒன்றுகூட இல்லாமல் ஒரு மென்பொருளின் பொத்தான்களை அழுத்தி, சன்னல்களைத் திறந்து சோதிக்க முடியும். லினக்ஸின் எக்ஸ்விஎஃப்பி (Xvfb) என்னும் கருவி முழுத் திரையையும் நினைவகத்திலேயே வரைந்துகொள்கிறது.

• தமிழக அரசு 2011இல் மாணவர்களுக்குத் தரத் தொடங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸும் சி-டாக் நிறுவனத்தின் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தன. ஒரே கணினி, சோதிக்க இரண்டு டெஸ்க்டாப்.

• லினக்ஸுக்குள்ளும் ஒரே முகம் இல்லை. க்னோம் டெஸ்க்டாப்பின் 3.26 பதிப்பு (2017) பழைய டிரே ஐகான்களைக் கைவிட்டது. கேடிஇ பிளாஸ்மா டெஸ்க்டாப்பில் அவை உண்டு. டிரேயை நம்பும் செயலியை இரண்டிலும் ஓட்டிப் பார்ப்பதே சரி.

• லினக்ஸில் சன்னல்களைத் திரையில் காட்டும் புதிய முறையான வேலேண்டில் ஒரு செயலி இன்னொன்றின் சன்னலுக்குத் தன்னிச்சையாக விசையழுத்தம் அனுப்ப முடியாது. பழைய முறையான எக்ஸ்11-ஐ நம்பி எழுதிய சோதனைகள் அங்கே தடுக்கி நிற்கும்.

• தட்டச்சுச் சோதனைக்கு ‘மயிலாடுதுறை’ அருமையான சொல். கண்ணுக்கு 6 எழுத்து. யுனிகோடில் 11 குறியீடு. கடைசி ‘றை’யில் ஐகாரக் குறி றகரத்துக்குப் பின்னால் சேமிக்கப்படுகிறது, திரையிலோ முன்னால் நிற்கிறது. பேக்ஸ்பேஸை ஒருமுறை தட்டினால் பல செயலிகளில் ‘மயிலாடுதுற’ என்று மிஞ்சும்.