சூடேறாத சலவை இயந்திரம்

வீடுகளில் ஃபிரன்ட் லோடு என்று வழங்கப்படும் முன்கதவுச் சலவை இயந்திரம், குழாயிலிருந்து குளிர்ந்த நீரை மட்டும் பெற்றுக்கொண்டு, துணி வெளுக்கத் தேவையான வெப்பத்தைத் தன் தொட்டிக்குள்ளேயே உண்டாக்கிக்கொள்கிறது. அமெரிக்க வீடுகளில் வெந்நீர் தனிக் குழாயில் வந்து இயந்திரத்தில் சேர்வதே வழக்கம். அங்குள்ள 120 வோல்ட் மின்னிணைப்பில் சாதாரண 15 ஆம்பியர் பிளக்கின் வழியே 1800 வாட்டுக்கு மேல் எடுக்க இயலாது என்பதால், நீரை உள்ளேயே சூடாக்குவது அங்கே நெடுநேர வேலையாகிவிடும். 230 வோல்ட் வழங்கப்படும் இந்தியாவிலும் இலங்கையிலும் ஐரோப்பாவிலும் அந்தத் தடை இல்லாமையால், ஏறத்தாழ 2000 வாட் ஆற்றலுள்ள ஹீட்டர் ஒன்று, துணி சுழலும் டிரம்முக்கும் அதைச் சூழ்ந்திருக்கும் வெளித்தொட்டிக்கும் இடையே, அடிப்பகுதியில் பொருத்தப்பட்டிருக்கிறது.

குளிர்நாடுகளில் இந்த ஹீட்டர் பழுதானால் அன்றே தெரிந்துவிடும். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் நீரே 28 அல்லது 30 டிகிரி வெப்பத்தில் இருக்கும் தமிழகத்திலோ, துணி ஓரளவு வெளுத்துவிடுவதால், பழுது பல மாதங்கள் கவனிக்கப்படாமலே கிடக்கக்கூடும். சட்டைக் காலரின் எண்ணெய்க் கறை போகாமை, கதவைச் சுற்றியுள்ள ரப்பர் வளையத்தில் பூஞ்சை நாற்றம், 60 டிகிரி சலவையில் மீதமுள்ள நேரத்தைக் காட்டும் எண் நகராமல் நிற்பது ஆகியவையே அதன் வெளி அடையாளங்கள். இவற்றைக் கண்டதும் ஹீட்டரை மாற்றிவிடுவது பழுதுபார்ப்போரிடையே பரவலான பழக்கம். ஆனால் நீர்மட்டத்தை அறியும் பிரஷர் சுவிட்ச், மின்சாரத்தைத் திறந்துவிடும் ரிலே, இடைப்பட்ட கம்பிகள், வெப்பத்தை அளக்கும் தெர்மிஸ்டர் ஆகிய அனைத்தும் சரியாக இருந்தால்தான் ஹீட்டர் வேலை செய்யும் என்பதால், அளந்து பார்க்காமல் மாற்றப்படும் ஹீட்டர்களில் பழுதே இல்லாதவையும் உண்டு.

இயந்திரத்தைத் திறக்கும் முன்பே, ஹீட்டருக்கு மின்சாரம் போகிறதா என்பதை வீட்டு மின்மீட்டரைக் கொண்டு அறியலாம். மீட்டரின் முகப்பில் ஒரு யூனிட்டுக்கு இத்தனை முறை விளக்கு மின்னும் என்ற எண் அச்சிடப்பட்டிருக்கும். பல மீட்டர்களில் அது 3200. வீட்டின் பிற சாதனங்களை அணைத்துவிட்டு 60 டிகிரி சலவையைத் தொடங்கி, நீர் நிரம்பிச் சில நிமிடங்கள் கழிந்தபின் எண்ணினால், 2000 வாட் ஹீட்டர் எரியும்போது அத்தகைய மீட்டரின் விளக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 107 முறை மின்ன வேண்டும். மோட்டார் மட்டும் ஓடினால் விளக்கு மின்னுவது மிக மந்தமாக இருக்கும். இந்தச் சோதனைக்குச் செலவே இல்லை.

சூடேறக் கூடுதல் நேரமாகிறது என்ற குறையைக் கணக்கிட்டே தீர்க்க வேண்டும். 12 லிட்டர் நீரை 28 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு உயர்த்த ஏறத்தாழ 0.45 யூனிட் மின்சாரம் தேவை. 2000 வாட் ஹீட்டருக்கு அது 13 நிமிட வேலை, துணியும் டிரம்மும் உறிஞ்சும் வெப்பத்தைச் சேர்த்தால் இன்னும் சற்று நீளும். மின்னழுத்தம் 190 வோல்ட்டாகத் தாழ்ந்திருக்கும் ஊரில், ஹீட்டரின் ஆற்றல் மின்னழுத்தத்தின் இருமடிக்கேற்பக் குறைவதால், அதே ஹீட்டர் 1365 வாட் மட்டுமே தரும். 13 நிமிடம் 20 நிமிடமாகும். இங்கே பழுது இயந்திரத்தில் இல்லை.

மீட்டரின் விளக்கு விரைவாக மின்னவில்லையெனில், முதலில் ஐயுற வேண்டியது நீர்மட்டத்தை. நீரின்றி ஹீட்டர் எரிந்தால் தொட்டியின் பிளாஸ்டிக் உருகிவிடும் என்பதற்காக, உரிய மட்டத்துக்கு நீர் ஏறிவிட்டதென்று பிரஷர் சுவிட்ச் சொன்னால் மட்டுமே கன்ட்ரோல் போர்டு ஹீட்டரை இயக்குகிறது. கழிவுநீர்க் குழாயின் முனை தரையோடு தரையாகக் கிடந்தால், உள்ளே வரும் நீர் உடனுக்குடன் தானாக வடிந்துவிட, இயந்திரம் மீண்டும் மீண்டும் நீரை இழுத்துக்கொண்டிருக்கும். ஹீட்டர் எரியவே எரியாது. குழாயின் முனையைத் தரையிலிருந்து 60 முதல் 100 சென்டிமீட்டர் உயரத்தில் கட்டுவதோடு முடிந்துவிடும் இந்தப் பழுதுக்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை. தொட்டியிலிருந்து பிரஷர் சுவிட்சுக்குச் செல்லும் மெல்லிய ரப்பர் குழாயில் சோப்புக் கசடு அடைத்தாலும் இதே விளைவு நேரும்.

அடுத்ததாக, பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூடியைக் கழற்ற வேண்டும். பல போர்டுகளில் ரிலே ஹீட்டரின் ஒரு கம்பியை மட்டுமே துண்டிப்பதால், ஹீட்டர் எரியாத நேரத்திலும் மறுகம்பியில் மின்சாரம் இருக்கக்கூடும். ஆகவே சுவிட்சை அணைப்பது போதாது. ஹீட்டர் சில இயந்திரங்களில் பின்பக்கமும் சிலவற்றில் முன்பக்கமும் இருக்கும். இரு கம்பிகளையும் கழற்றி, மல்டிமீட்டரால் அளந்தால், 2000 வாட் ஹீட்டருக்கு ஏறத்தாழ 26 ஓம், 1800 வாட் ஹீட்டருக்கு 29 ஓம் காட்ட வேண்டும். எல்லையற்ற தடை காட்டினால் உள்ளிருக்கும் சுருள் அறுந்திருக்கிறது, அல்லது சில ஹீட்டர்களுக்குள் பொதிந்திருக்கும் வெப்ப ஃபியூஸ் போய்விட்டது என்று பொருள். தடை சரியாக இருந்தால், தேட வேண்டிய இடம் கம்பியும் ரிலேயும். ஏறத்தாழ 9 ஆம்பியர் பாயும் தகட்டு இணைப்பு சற்றே தளர்ந்தாலும் அது சூடேறிக் கருகும். கருகிய முனையை வெட்டிவிட்டு, வெப்பம் தாங்கும் கம்பியில் புதிய முனையை அழுத்திப் பொருத்த வேண்டுமே தவிர, முறுக்கி டேப் சுற்றுவது தீவிபத்துக்கு வழி. ரிலேயின் பற்றாசு வெடித்திருந்தால் மீண்டும் பற்றவைக்கலாம் என்றாலும், ஈரமும் பூச்சியும் புகாதிருக்கப் பிசின் ஊற்றி மூடப்பட்ட போர்டுகளில் அதற்கு இடமே கிடைப்பதில்லை.

ஹீட்டரின் இன்னொரு பழுது இதனினும் ஆபத்தானது. எஃகுக் குழலுக்குள் நிக்ரோம் சுருளை வைத்து, இடைவெளியை மக்னீசியம் ஆக்ஸைடு தூளால் நிரப்பியதே இந்த ஹீட்டர். அந்தத் தூள் வெப்பத்தைக் கடத்தும், மின்சாரத்தைக் கடத்தாது. குழலில் நுண்ணிய வெடிப்பு விழுந்து நீர் புகுந்தால், மின்சாரம் எர்த்துக்குக் கசிகிறது. குளிர்நீர்ச் சலவை தடையின்றி ஓட, 40 டிகிரியைத் தேர்ந்தெடுத்த சில நிமிடங்களில் ஆர்சிசிபி, அதாவது மின்கசிவை உணர்ந்து இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச், விழுந்துவிடுவது இதன் தெளிவான அறிகுறி. வீடுகளில் பொருத்தப்படும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியை விழவைக்க, எர்த்துக்கான தடை 7700 ஓம் அளவுக்கு இறங்கினாலே போதும். சில மின்கல வோல்ட்டுகளில் அளக்கும் மல்டிமீட்டருக்கு இந்தக் கசிவு அகப்படாமல் போவதுண்டு. 500 வோல்ட்டில் சோதிக்கும் மெக்கர் கருவி ஒரு மெகா ஓமுக்குக் குறைவாகக் காட்டினால், அந்த ஹீட்டரை மாற்றுவதே முறை. ஆர்சிசிபியை நீக்கிவிட்டு இயந்திரத்தை ஓட்டச் சொல்லும் ஆலோசனை, உயிரோடு விளையாடுவதன்றி வேறில்லை.

தெர்மிஸ்டர் என்பது வெப்பம் ஏற ஏறத் தடை குறையும் உணர்கருவி. 25 டிகிரியில் 10 கிலோ ஓம் காட்டும் பரவலான வகை, 60 டிகிரியில் ஏறத்தாழ இரண்டரை கிலோ ஓம் காட்டும். அளவு மாடலுக்கு மாடல் வேறுபடுவதால் சர்வீஸ் கையேட்டைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். இதன் பழுதுகள் இரு திசைகளில் செல்கின்றன. இணைப்பில் ஈரம் புகுந்து தடை குறைந்தால், நீர் ஏற்கெனவே கொதிப்பதாகப் போர்டு எண்ணி ஹீட்டரைத் தொடாது. இணைப்பு துருப்பிடித்துத் தடை கூடினாலோ, நீர் இன்னும் குளிர்ந்திருப்பதாக எண்ணித் தொடர்ந்து சூடாக்கும். சூடேறவில்லை என்ற புகாருக்குப் பதில், கம்பளி சுருங்கிவிட்டது என்ற புகார் வரும்.

ஹீட்டர் அறுந்துபோவதற்கு, போர் தண்ணீர் பயன்படும் வீடுகளில், பெரும்பாலும் கடினநீரே காரணம். நீரில் கரைந்துள்ள கால்சியம் பைகார்பனேட் சூடாகும்போது சிதைந்து, கால்சியம் கார்பனேட்டாக, இட்லிப் பானையின் அடியில் காணப்படும் அதே வெள்ளைப் படிவாக, ஹீட்டர்மேல் படிகிறது. குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 10500, மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர் கிடைக்காவிடில் 600 வரை பொறுக்கலாம் என்றும் வரையறுக்கிறது. இந்தப் படிவு மின்கட்டணத்தை ஏற்றிவிடும் என்று விளம்பரங்கள் எச்சரித்தாலும், நீரில் மூழ்கிய ஹீட்டரின் வெப்பம் தாமதமானாலும் நீருக்கே சென்று சேர்கிறது என்பதால் இழப்பு சொற்பமே. உண்மையான கேடு வேறு: வெப்பம் எளிதில் வெளியேற முடியாததால், எஃகுக் குழலும் உள்ளிருக்கும் சுருளும் தாங்கக்கூடிய அளவைத் தாண்டிக் காய்ந்து, அறுகின்றன அல்லது வெடிக்கின்றன. துணி இல்லாத டிரம்மில் 100 கிராம் எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் அமிலம், இட்டு 60 டிகிரியில் ஓட்டினால் மெல்லிய படிவு கரையும். அதனுடன் பிளீச்சிங் பவுடரைச் சேர்த்தால் நச்சுக் குளோரின் வாயு எழும் என்பதால் இரண்டும் ஒருபோதும் கலக்கலாகாது.

ஹீட்டரை மாற்றுவதில் தவறு நிகழும் இடம் ஒன்றுதான். நடுவிலுள்ள நட்டைத் தளர்த்தி, அதன் திருகை உள்நோக்கி அழுத்தினால் ரப்பர் கேஸ்கெட் இளகி, பழைய ஹீட்டர் வெளியே வரும். தொட்டியின் வாயிலுள்ள படிவைச் சுரண்டித் துடைத்தபின், புதியதைச் செருகும்போது அதன் முனை உள்ளேயிருக்கும் உலோகப் பிடியில் சரியாக நுழைந்ததா என்பதைக் கவனிக்க வேண்டும். பிடியைத் தவறவிட்ட ஹீட்டர், சுழலும் டிரம்மில் உரசும். கையால் டிரம்மைச் சுழற்றி உரசல் ஒலி இல்லையென்று தெளிந்து, நட்டை இறுக்கி, எர்த் கம்பியை மறவாமல் இணைத்து, வெறும் டிரம்மை 60 டிகிரியில் ஓட்டுகையில், கேஸ்கெட்டின் விளிம்பில் கசிவு உண்டா என்பதை நீர் முழுதும் சூடேறும்வரை பார்க்க வேண்டும். குளிர்ந்தபோது கசியாத ரப்பர் சூட்டில் கசிவதுண்டு.