கூடங்குளத்து அலுவலகக் கணினியும் நாட்டுப் பாதுகாப்பும்

மின்சாரம், குடிநீர், வங்கி, தொலைத்தொடர்பு போன்றவற்றை இயக்கும் கணினிகளில் அத்துமீறி நுழைந்து, நாட்டின் ஒருமைப்பாட்டையும் பாதுகாப்பையும் குலைக்கும் நோக்கத்தோடு உயிருக்கோ இன்றியமையாச் சேவைகளுக்கோ கேடு விளைவிப்பதே இணையப் பயங்கரவாதம் எனப்படுகிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 2008ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 66எஃப் பிரிவு, இக்குற்றத்திற்கு ஆயுள் சிறை வரை தண்டனை வகுத்துள்ளது.

இந்த அச்சுறுத்தல் தமிழகத்தை நெருங்கிய நிகழ்வு கூடங்குளம் அணுமின் நிலையத்தில் நேர்ந்தது. கணினி அவசரநிலைகளைக் கையாளும் அரசு அமைப்பான செர்ட்-இன், அங்கே தீநிரல், அதாவது கேடு செய்யவென்றே எழுதப்பட்ட மென்பொருள், புகுந்திருப்பதை 2019 செப்டம்பர் 4 அன்று கண்டறிந்து தெரிவித்தது. செய்தி வெளியே கசிந்தபோது அக்டோபர் 29 அன்று நிலைய நிர்வாகம் அதனை மறுத்தது. மறுநாளே இந்திய அணுமின் கழகம், நிர்வாகப் பணிக்கான இணையத் தொடர்புள்ள கணினி ஒன்றே பாதிக்கப்பட்டது என்றும், உலையை இயக்கும் உள்வலையமைப்பு அதிலிருந்து முற்றிலும் பிரிக்கப்பட்டது என்றும் கூறி, ஊடுருவலை ஒப்புக்கொண்டது. ‘டிட்ராக்’ என ஆய்வாளர்கள் அடையாளம் கண்ட அத்தீநிரல், விசை அழுத்தங்களையும் கோப்புகளின் விவரங்களையும் திரட்டி அனுப்பும் உளவுக் கருவியாகும்.

உளவு வேறு, பயங்கரவாதம் வேறு. எனினும் முன்னது பின்னதற்கு வழி திறக்கக்கூடும். 2015 டிசம்பரில் உக்ரைனில் சுமார் 2,25,000 நுகர்வோருக்கு மின்சாரத்தைத் துண்டித்தவர்கள், மின்னஞ்சல் வழியே முதலில் அலுவலகக் கணினிகளில் புகுந்து, கடவுச்சொற்களைத் திருடி, பல மாதங்களுக்குப் பின்னரே மின்விநியோகக் கட்டுப்பாட்டை எட்டினர். ஈரானின் இணையத் தொடர்பற்ற நடான்ஸ் அணு ஆலையிலும் ‘ஸ்டக்ஸ்நெட்’ என்னும் தீநிரல் நுழைந்தது 2010இல் வெளிப்பட்டதால், வலையமைப்பைப் பிரித்துவைப்பது மட்டும் போதுமான அரணாகாது.

கல்பாக்கம் அணுமின் நிலையத்திற்குத் தெற்கே, மரக்காணம் கடற்கரைப் பகுதியில் உள்ள கூனிமேடு போன்ற ஊர்களுக்கும் இந்த அச்சுறுத்தல் தொலைதூரச் சிக்கலன்று. 2020 நவம்பரில் நிவர் புயல் புதுச்சேரிக்கு வடக்கே கரை கடந்ததைப் போன்ற வேளைகளில், கடலோர மக்களின் உயிர்காப்பு மின்சாரத்தையும் கைபேசியையும் எச்சரிக்கைச் செய்தியையும் நம்பியிருக்கிறது. அவ்வேளையில் ஒரு பொய்ச்செய்தி பரப்பப்பட்டாலோ உண்மைச் செய்தி முடக்கப்பட்டாலோ அதன் விலை உயிர்களாகும்.

முதன்மைத் தகவல் கட்டமைப்புகளைக் காக்கவென 2014இல் தேசிய மையம் ஒன்று நிறுவப்பட்டது தேவையான நடவடிக்கையே. ஆயினும் ஊழியர் ஒவ்வொருவரின் கணினி ஒழுக்கமும், ஊடுருவல் நேர்ந்தால் மறுக்காமல் உடனடியாக அறிவிக்கும் நேர்மையும் கூடும்போதுதான் அப்பாதுகாப்பு நிறைவுபெறும். ஏனெனில் முதலில் மறுத்துப் பின்னர் ஒப்புக்கொள்ளும் நிறுவனத்தின் எச்சரிக்கையை, நெருக்கடி நேரத்தில் மக்கள் நம்பத் தயங்குவர்.