நண்டு அக்குளுக்கு வரும் முன்பே குழந்தை ஏன் சிரிக்கிறது?

குழந்தையின் உள்ளங்கையில் பாட்டி தன் முழங்கையை வைத்துப் பருப்பு கடைவார். சோறு பிசைந்து, விரல் விரலாக மடக்கி, அம்மாவுக்கு, அப்பாவுக்கு, அண்ணனுக்கு என்று பங்கு வைப்பார். அப்புறம்தான் நண்டும் நரியும் கிளம்பும். பாட்டியின் இரண்டு விரல்கள் மணிக்கட்டிலிருந்து ஊர்ந்து ஊர்ந்து மேலே போய், அக்குளில் கிச்சுகிச்சு மூட்டும். நாலைந்து தடவை விளையாடிப் பழகிய குழந்தை, விரல் முழங்கையைத் தாண்டும்போதே தோளைக் குறுக்கிக்கொண்டு சிரிக்க ஆரம்பித்துவிடும். இன்னும் தொடவே இல்லையே, அதுக்குள்ள என்ன சிரிப்பு?

அடுத்து என்ன வரும் என்று மூளை முன்கூட்டியே கணக்குப் போடுவதுதான் காரணம். நமக்கு நாமே கிச்சுகிச்சு மூட்டினால் சிரிப்பு வராது. சாரா-ஜேன் பிளேக்மோர் குழுவினர் 1998-இல் லண்டனில் மூளையை ஸ்கேன் செய்து இதை ஆராய்ந்தனர். சொந்தக் கை எங்கே, எப்போது தொடும் என்பதைச் சிறுமூளை முன்பே கணித்துவிடுவதால், அந்த உணர்வு மங்கிவிடுகிறது என்றார்கள். நண்டு விளையாட்டில் பாதிதான் தெரியும். நண்டு வரும் என்பது குழந்தைக்குத் தெரியும். எந்த நொடியில் பாயும் என்பது பாட்டிக்குத்தான் தெரியும். அதனால்தான் நல்ல பாட்டிகள் முழங்கை அருகே கொஞ்சம் நிறுத்தி, கண்ணை உருட்டிப் பார்ப்பார்கள்.

இதே விளையாட்டை, பாட்டை செல்போனில் போட்டுக் காட்டினால் ஆகாதா? 2003-இல் பாட்ரீசியா கூல் குழுவினர் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஓரளவு பதில் தருகிறது. அமெரிக்காவில், ஆங்கிலம் பேசும் வீடுகளைச் சேர்ந்த 9 மாதக் குழந்தைகளுடன் சீன மொழி பேசுவோர் நேரில் உட்கார்ந்து பேசி விளையாடினர். அந்தக் குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரித்தறியக் கற்றன. அதையே வீடியோவில் பார்த்த குழந்தைகள் கற்கவில்லை. திரையில் இருப்பவர் குழந்தையின் முகம் பார்த்து நிறுத்த மாட்டார், அவ்வளவுதான் விஷயம். ஒரு வயதுக்குள் திரையே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமும் 2019-இல் சொல்லியிருக்கிறது.

ஆனால் முகம் பார்க்காமல் விளையாடுவது நேரிலும் நடக்கிறது. வீட்டுக்கு வரும் மாமா, சித்தப்பாக்கள் பலரிடம் இதைப் பார்க்கலாம். "சிரிக்குதுல்ல, பிடிச்சிருக்கு" என்று மூச்சு முட்ட முட்டக் கிச்சுகிச்சு மூட்டுவார்கள். கிச்சுகிச்சுச் சிரிப்பு பெரும்பாலும் தானாக வருவது. வேண்டாம் என்று நினைக்கும் குழந்தையும் சிரிக்கும். பேச்சு வராத பிள்ளை "போதும்" என்பதை உடம்பால்தான் சொல்லும். முகத்தைத் திருப்பும், முதுகை வளைக்கும், கையை இழுத்துக்கொள்ளும். சிரிப்பு அழுகைக்குப் பக்கத்தில் போய்விடும்.

அப்போது விரலை எடுத்துவிட்டுச் சற்றுக் காத்திருக்க வேண்டும். இன்னொரு தடவை வேண்டுமென்றால், குழந்தையே உள்ளங்கையை நீட்டும்.