உங்களுக்குத் தெரியுமா? இன்னொரு பூமியைப் படம்பிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

★ சூரியனின் பிரகாசத்தில் ஏறக்குறைய 1,000 கோடியில் ஒரு பங்குதான் பூமியின் பிரகாசம். 33 ஒளியாண்டு தொலைவில் இப்படி ஒரு பூமி இருந்து, அதை 6 மீட்டர் ஆடி கொண்ட விண்வெளித் தொலைநோக்கியால் பார்க்கிறோம் என்று வையுங்கள். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் ஒரு பட்டையை மட்டும் எடுத்துக்கொண்டால், நான்கு விநாடிக்கு ஒரு ஃபோட்டான் (ஒளித்துகள்) ஆடியில் வந்து விழும். வழியிலுள்ள கருவிகள் விழுங்கியது போக பத்தில் ஒன்று மிஞ்சினால், கேமராவில் பதிவாவது நாற்பது விநாடிக்கு ஒன்றுதான்! நேரக் கணக்கு இங்கிருந்துதான் தொடங்குகிறது.

★ அந்த ஒற்றை ஃபோட்டானும் தனியாக வருவதில்லை. நம் சூரியக் குடும்பத்தின் தூசும், அந்தக் கோளின் நட்சத்திரத்தைச் சுற்றியுள்ள தூசும் சிதறடிக்கும் ஒளி கூடவே வந்து கலக்கிறது. எத்தனை மணி நேரம் ஒதுக்குவது என்பதைப் பெரும்பாலும் இந்தத் தூசுதான் முடிவு செய்கிறது. படத்தின் தெளிவு இரு மடங்காக வேண்டுமானால் நான்கு மடங்கு நேரம் காத்திருக்க வேண்டும்.

★ ஆடியின் விட்டத்தை இரட்டித்தால், தேவைப்படும் நேரம் 16-இல் ஒரு பங்காகிவிடும். சேரும் ஒளி நான்கு மடங்கு கூடுகிறது. கோளின் பிம்பமும் சுருங்குவதால் அதனுள் விழும் தூசு வெளிச்சம் கூடுவதில்லை. இதையே திருப்பிப் போட்டால் கலக்கமாக இருக்கிறது: 6 மீட்டரை 5 மீட்டராகக் குறைத்தாலே நேரம் இரட்டிப்பாகும். வாழத்தகுந்த கோள்கள் 25-ஐயாவது ஆராய வேண்டும் என்ற இலக்கோடு நாசா திட்டமிடும் 'ஹேபிட்டபிள் வேர்ல்ட்ஸ் அப்சர்வேட்டரி' விண்வெளித் தொலைநோக்கிக்கு ஆடியின் அளவில் கஞ்சத்தனம் கூடவே கூடாது.

★ எவ்வளவு நேரம் பார்த்தாலும் பயனில்லாத கட்டமும் உண்டு. நட்சத்திரத்தை மறைக்கும் கொரோனாகிராஃபைத் தாண்டிக் கசியும் ஒளி, கோளைப் போலவே புள்ளி புள்ளியாகத் தெரியும். நேரம் கூடக்கூட அதுவும் சேர்ந்தே பிரகாசமாகும். அதனால் தொலைநோக்கியைச் சற்றே சுழற்றி மறுபடி படமெடுக்கிறார்கள். போலிப் புள்ளிகள் படத்தில் அதே இடத்தில் நிற்கும். கோள் மட்டும் நகரும்.

★ படம் எடுப்பதைவிட நிறமாலை எடுப்பதற்கு இன்னும் பொறுமை வேண்டும். ஆக்சிஜனின் தடம் 760 நானோமீட்டர் அருகே இருக்கிறது. அதைத் தேட, வரும் கொஞ்ச ஒளியையும் மெல்லிய கீற்றுகளாகப் பிரித்தாக வேண்டும். மங்கலான கோள்களுக்கு இது நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் இழுக்கும்.

★ அதுவரை கோள் சும்மா நிற்குமா? 2024 ஆகஸ்டில் ஆல்ஃபா சென்டாரி ஏ நட்சத்திரத்தின் அருகே கோளாக இருக்கலாம் எனத் தோன்றும் ஒரு புள்ளியை ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி கண்டது. 2025 பிப்ரவரியிலும் ஏப்ரலிலும் திரும்பப் பார்த்தபோது அது தென்படவில்லை. கணினியில் ஓட்டிப் பார்த்த சுற்றுப்பாதைகளில் ஏறக்குறைய பாதி, அந்த இரண்டு முறையும் கோள் நட்சத்திரத்தை நெருங்கி, வெப்பின் பார்வைக்குச் சிக்காமல் போயிருக்கலாம் என்று காட்டின.