முடியை விட மெல்லிய காவல்

வேப்பூர் கூட்டுரோட்டில் இறங்கி விருத்தாசலம் பஸ் பிடித்தால், போய்ச் சேருவது பீங்கானுக்குப் பேர்போன ஊர். பீங்கான் மின்சாரத்தை எளிதில் கடத்தாது. மின்கம்பத்தில் கம்பியைத் தாங்கும் வெள்ளைக் குமிழ்கள் அதனால்தான் பீங்கானில் செய்யப்படுகின்றன. அந்தக் குடும்பத்துப் பொருள் ஒன்று உங்கள் செல்போன் பேட்டரிக்குள்ளேயும் காவலுக்கு நிற்கக்கூடும்.

லித்தியம் அயனி பேட்டரிக்குள் கிராஃபைட் பூசிய செப்புத் தகடும் லித்தியம் சேர்மம் பூசிய அலுமினியத் தகடும் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. ஒன்றையொன்று தொட்டால் தீ. தொடாமல் காப்பது ‘பிரிப்பான்’ எனும் பிளாஸ்டிக் படலம். அதன் தடிமன் 20 மைக்ரோமீட்டர், அல்லது அதற்கும் குறைவு. அப்படி மூன்று நான்கை அடுக்கினால்தான் ஒரு தலைமுடியின் கனம் வரும்!

இந்தப் படலம் முழுக்க நுண்துளைகள். அவற்றின் வழியே லித்தியம் அயனிகள் போய்வருகின்றன. சூடு 130 டிகிரி செல்சியஸை நெருங்கினால், நல்ல படலத்தின் பாலிஎத்திலீன் இளகித் துளைகளைத் தானே அடைத்துக்கொள்கிறது, மின்னோட்டம் நின்றுவிடுகிறது. சூடு இன்னும் ஏறினால் படலம் சுருங்கிவிடுமே? அதற்காகச் சில தயாரிப்பாளர்கள் அதன்மேல் அலுமினா என்ற பீங்கான் தூளைப் பூசுகிறார்கள். அது உருக 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும்.

வெளியே இன்னொரு காவல், விரல்நுனி அகலம்கூட இல்லாத ஒரு மின்சுற்றுப் பலகை. வழக்கமான பேட்டரி செல்லுக்கு முழுச் சார்ஜ் 4.2 வோல்ட், புதிய போன்களில் சற்றுக் கூடுதல். சார்ஜர் அந்த எல்லையைத் தாண்டினால் பலகை இணைப்பைத் துண்டிக்கும். துண்டிக்காவிட்டால் லித்தியம் உலோகமாகப் படிந்து, ஊசிபோல் வளர்ந்து, படலத்தைக் குத்திவிடலாம். பிறகு சூடே சூட்டை வளர்க்கும். உள்ளிருக்கும் திரவமோ எளிதில் பற்றக்கூடியது.

டூப்ளிகேட் பேட்டரி காசை மிச்சம் பிடிப்பது கண்ணுக்குத் தெரியாத இந்த இடங்களில்தான்: மட்டமான படலம், பெயருக்கு ஒரு பலகை அல்லது அதுவும் இல்லை, பழைய பேட்டரி செல்லின்மேல் புது ஸ்டிக்கர்.

பெயர்பெற்ற நிறுவனமே தவறியதும் உண்டு. 2007 ஆகஸ்டில் நோக்கியா தன் பிஎல்-5சி பேட்டரி பற்றி எச்சரித்தது. ஜப்பானின் மட்சுஷிட்டா தயாரித்த 4 கோடியே 60 லட்சம் பேட்டரிகள். உலகெங்கும் சுமார் 100 சூடேறிய சம்பவங்கள். பேட்டரியில் அச்சிட்ட எண்ணை வைத்துச் சரிபார்த்து, மாற்றிக்கொள்ள முடிந்தது. போலி தவறினால் யார் திரும்பப் பெறுவார்கள்?

இந்தியாவில் இத்தகைய பேட்டரிக்கு ஐ.எஸ். 16046 தரப்பதிவு கட்டாயம். வாங்கும்போது ‘ஆர்’ என்று தொடங்கும் பதிவு எண்ணைத் தேடுங்கள், இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் அதைத் தட்டிப் பாருங்கள். பில் கேளுங்கள். கையிலிருக்கும் பேட்டரி உப்பிவிட்டதா? அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள், குப்பையில் போடாதீர்கள். சார்ஜ் போடுவதை உடனே நிறுத்தி, மின்கழிவு பெறும் இடத்தில் ஒப்படையுங்கள்.