நீட்டிய கையும் சமத்துவமும்

கைகுலுக்கல் ஓரிரு நொடிகளில் முடிந்துவிடும் செயல். ஆயினும், யார் யாருக்குக் கை கொடுக்கிறார், யாருக்குக் கொடுக்க மறுக்கிறார் என்பதைக் கொண்டு ஒரு சமுதாயத்தை எடைபோட்டுவிடலாம்.

கையில் ஆயுதம் இல்லை என்று காட்டவே இவ்வழக்கம் தோன்றியது என்பார்கள். அதற்கு உறுதியான சான்று இல்லை. பழைய சிற்பங்கள் உணர்த்துவது வேறு. இராக்கின் நிம்ருத் நகரில் கிடைத்த, கி.மு. 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அரியணைப் பீடம் ஒன்றில் அசீரிய மன்னர் மூன்றாம் சால்மனேசரும் பாபிலோனிய மன்னரும் கைபற்றி நிற்கின்றனர். பாபிலோனியாவில் எழுந்த கலகத்தை அடக்க அசீரியப் படை உதவியதன் நினைவு அது. உதவி செய்தவர் வலியவர், பெற்றவர் எளியவர். எனினும், சிற்பத்தில் இருவரும் நேருக்குநேர் நிகராகவே நிற்கின்றனர்.

17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் மேலோர் முன் தொப்பியைக் கழற்றித் தலைதாழ்த்துவது கட்டாய மரியாதையாக இருந்தது. இறைவன் முன் அனைவரும் சமம் என்று நம்பிய குவேக்கர்கள் அதற்கு இணங்க மறுத்துச் சிறை சென்றனர். தலைதாழ்த்துவதற்குப் பதிலாக அவர்கள் கைகுலுக்கினர். தலைதாழ்த்துவதில் மேலோர், கீழோர் உண்டு. கைகுலுக்கலில் இரு கைகளும் ஒரே மட்டத்தில்தான் சந்திக்க முடியும்.

எய்ட்ஸ் நோயாளியைத் தொட்டாலே நோய் தொற்றும் என்ற அச்சம் பரவியிருந்த 1987-இல், லண்டன் மருத்துவமனை ஒன்றில் இளவரசி டயானா கையுறை அணியாமல் நோயாளி ஒருவருடன் கைகுலுக்கினார். பல விளக்கவுரைகளால் இயலாததை அந்தப் புகைப்படம் சாதித்தது.

தொடுவதே தீட்டு என்று ஒரு சாராரை விலக்கிவைத்த நம் நாட்டுக்கு இந்த வரலாறு அந்நியமானதல்ல. அரசியலமைப்புச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. தீண்டாமையைக் கடைப்பிடிப்பவரைச் சட்டம் தண்டிக்கலாம். மனமுவந்து கை நீட்டவைக்க அதனால் இயலாது.

கரோனா காலத்தில் நாம் அனைவரும் விலகி நின்றோம். அந்த விலகல் எல்லோருக்கும் பொதுவானது. நோய் தணிந்ததும் நீங்கியது. ஆளைப் பார்த்து, பிறப்பைப் பார்த்து விலகுவது அவ்வாறானதல்ல.

கைகூப்புவதா, கைகுலுக்குவதா என்பது அவரவர் விருப்பம். ஒருவருக்குக் கைகுலுக்கலும் மற்றவருக்கு விலகலும் என்றாகும்போதுதான் அது அநீதியாகிறது. நீட்டிய கையைப் பற்றும் முன் அது யாருடையது என்று கணக்குப் பார்க்காத சமுதாயமே நாகரிக சமுதாயம்.